குழந்தை வாய் வைத்ததும் வயிறு சுருட்டி இழுக்கிறதா?

"டாக்டரம்மா, வலி போறதுக்கு நம்ம மருந்து ஏதாச்சும் குடுங்க. இங்கிலீஷ் மாத்திரை வேணாம்."

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்திலிருந்து வந்திருந்தார் அந்த ஆயா. பேத்திக்கு இரண்டாவது குழந்தை. முதல் குழந்தையைப் போலவே இதுவும் சிசேரியன். ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். வீட்டுக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

"தையல் வலியா ஆயா?"

"தையலு இல்லம்மா. புள்ள வாய் வெச்சாலே வவுறு சுருட்டிக்கினு இழுக்குதாம். பல்லைக் கடிச்சிக்கினு அழுவுது. பார்க்க முடியல. அதான் நேத்திலேருந்து டப்பா பாலு கரைச்சு ஊத்தறோம்."

"ஆஸ்பத்திரியில வலிக்கு மாத்திரை கொடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாங்க. பால்ல எறங்கி புள்ளைக்கு ஆவாதுன்னு நான்தான் வாங்கி மாடத்துல வெச்சிட்டேன்."

நான் சூரணம் எதுவும் கொடுக்கவில்லை. "மாடத்துல இருக்கிற மாத்திரையை எடுத்துக் கொடுங்க ஆயா. அதுதான் இப்போதைக்கு மருந்து" என்றேன். சித்த வைத்தியம் பார்க்கிற நானே இப்படிச் சொல்கிறேனே என்று அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உங்களில் சிலரும் அப்படித்தான் பார்ப்பீர்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஆபரேஷன்தானே செய்தார்கள், எனக்கு ஏன் இந்த வலி?

பலரும் கேட்கும் கேள்வி இது. "சுகப்பிரசவம் ஆனவங்களுக்குத்தான் பின்வலி வரும். எனக்கு வயிற்றைக் கீறித்தானே எடுத்தாங்க?" என்பார்கள்.

குழந்தை எந்த வழியாக வெளியே வந்தால் என்ன? கர்ப்பப்பை பழைய அளவுக்குத் திரும்பியாக வேண்டும் அல்லவா! பிரசவம் முடிந்தவுடன் அதன் எடை சுமார் ஒரு கிலோ. தொப்புள் உயரத்துக்கு ஒரு தேங்காய் மாதிரி கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். ஒரு வாரத்தில் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். தினமும் சுமார் ஒரு விரல் அகலம் கீழே இறங்கி, பத்துப் பதினைந்து நாளில் இடுப்பு எலும்புக்குள் மறைந்துவிடும். ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே வந்துவிடும். ஒரு கிலோ, ஒன்றரை மாதத்தில் நூறு கிராமுக்கும் குறைவு! இத்தனை வேலையை வலியே தெரியாமல் செய் என்றால் அந்தத் தசை என்ன செய்யும், பாவம்?

இன்னொரு காரணமும் உண்டு. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் புண். அங்கே ரத்தக் குழாய்கள் வாய் திறந்திருக்கும். கர்ப்பப்பைத் தசை இறுகும்போதுதான் அந்தக் குழாய்கள் நெருக்கப்பட்டு மூடிக்கொள்ளும். சுண்டி இழுக்கிற ஒவ்வொரு முறையும் உங்கள் ரத்தம் வீணாகாமல் காக்கப்படுகிறது.

முதல் பிரசவத்தில் தசை முறுக்காக இருக்கும். சுருங்கினால் சுருங்கியபடியே பெரும்பாலும் நின்றுவிடும். அடுத்தடுத்த பிரசவங்களில் சற்றுத் தளர்ந்து, விட்டு விட்டுச் சுருங்கும். அதனால்தான் இரண்டாவது, மூன்றாவது குழந்தைக்குப் பிறகு வலி கூடுதல். "மொதல் புள்ளைக்கு இப்படி இல்லியே" என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கடுமையாக இருந்து, ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

பசுவும் கன்றும் சொல்லும் பாடம்

சரி, குழந்தை வாய் வைத்தால் மட்டும் ஏன் வலி கூடுகிறது?

மாமல்லபுரம் போனால் கிருஷ்ண மண்டபத்துக்குள் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பாறையில் ஒருவர் பால் கறந்துகொண்டிருப்பார். பசுவோ தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும். மாடு வளர்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். கன்று பக்கத்தில் இருந்தால்தான் பசு பாலை இறக்கும். அதைச் செதுக்கிய பல்லவர் காலத்துச் சிற்பிக்கும் இது தெரிந்திருக்கிறது.

இதன் பின்னால் இருப்பது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். குழந்தை சப்பியதும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை ரத்தத்தில் விடுகிறது. மார்பில் பால் இறங்குகிறது. அதே ஹார்மோன் கர்ப்பப்பையையும் பிடித்துச் சுருக்குகிறது. இந்தச் சுரப்பியின் சாறு கர்ப்பப்பையைச் சுருக்கும் என்பதை 1906-ல் ஹென்றி டேல் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். 1953-ல் வின்சென்ட் டு விக்னோ அந்த ஹார்மோனை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிசேரியன் முடிந்ததும் ரத்தப்போக்கு மிஞ்சாமல் இருக்க உங்களுக்குப் போடுகிறார்களே ஊசி, பெரும்பாலும் அது இதுதான்.

ஆக, பால் கொடுக்கும்போது வயிறு இழுக்கிறது என்றால் பால் இறங்குகிறது, கர்ப்பப்பை சுருங்குகிறது என்று அர்த்தம். ஒரே மணியில் இரண்டு வேலை! நல்ல வலிதான். ஆனால் நல்ல வலி என்பதற்காக அதைப் பொறுத்துத்தான் தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சிசேரியன் ஆனவருக்குத் தையலும் சேர்ந்து வலிக்கும் என்பதை மறக்கக்கூடாது.

நான் செய்த தவறு

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, செங்கல்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். மூத்தவன் சுகப்பிரசவம். இளையவளுக்கு, 1999-ல், ஆபரேஷன் செய்ய வேண்டியதாகிவிட்டது.

அப்போது எனக்கு ஒரு வீம்பு. 'சித்த மருத்துவம் படித்துவிட்டு நாமே வலி மாத்திரை போடுவதா?' நர்ஸ் கொடுத்ததைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன். என் அம்மாவோ, "பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று தொண்டை நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் கொடுத்தார். குழந்தை வாய் வைத்த ஒவ்வொரு முறையும் கீழ்வயிறு முறுக்கிப் பிழிந்தது. மூன்றாம் நாள், குழந்தை அழும் சத்தம் கேட்டாலே எனக்குக் கை கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. குழந்தை எடை இறங்கியது.

வயதான நர்ஸ் ஒருவர்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "டாக்டரம்மா, வலியோட இருந்தா பால் எறங்காது. மாத்திரையைப் போடுங்க, அரை மணி கழிச்சுக் குழந்தையை எடுங்க. அப்புறம் பாருங்க."

அப்படியே நடந்தது. வலியும் பயமும் ஏறினால் ஆக்சிடோசின் சுரப்பு தடைபடும். நான் புத்தகத்தில் படித்ததுதான் இது! என் உடம்பில் பட்டபிறகுதான் புத்திக்கு எட்டியது. வலியைத் தாங்கிக்கொள்வதால் குழந்தைக்கு நன்மை இல்லை. குழந்தையின் பால்தான் குறைகிறது. அன்றிலிருந்து எந்தத் தாயிடமும் "பொறுத்துக்கோ" என்று நான் சொல்வதில்லை.

எந்த மாத்திரை? எப்போது?

கர்ப்பப்பை சுருங்கும் வலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்பு நெறிமுறைகளில் சொல்லியிருக்கிறது. சிசேரியன் ஆனவர்களுக்குப் பாராசிட்டமாலையும் சேர்த்தே டாக்டர்கள் எழுதுவது வழக்கம். இரண்டுமே பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றவை. பாலில் கலப்பது மிக மிகச் சொற்பம். யோசித்துப் பாருங்கள்: தடுப்பூசி போட்டுக் காய்ச்சல் வந்தால் அதே பாராசிட்டமாலைத்தானே சொட்டு மருந்தாகக் குழந்தைக்கே கொடுக்கிறோம்?

சில விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள்.

முதல் சில நாட்கள் கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். டாக்டர் எழுதிய அளவு, எழுதிய நேரம். உயிர் போகிற வலி வரட்டும் என்று காத்திருந்து போட்டால் அது வேலை செய்யவே நேரம் பிடிக்கும். பால் கொடுப்பதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பு போடும்படி அமைத்துக்கொண்டால் நிம்மதியாகக் கொடுக்கலாம்.

அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டிஸ்சார்ஜ் ஆகுமுன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஜலதோஷத்துக்கு என்று கடையில் வாங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மிஞ்சி ஈரல் கெடும்.

வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம். கோடீன், டிரமடால் கலந்தவற்றை நீங்களாகக் கடையில் வாங்கவே கூடாது. குழந்தைக்கு மூச்சுத் திணறல், அளவு மீறிய தூக்கம் வரலாம் என்று 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது.

மாத்திரை இல்லாமலும் செய்ய வேண்டியவை

முதலில், சிறுநீரை அடக்காதீர்கள். நிரம்பிய மூத்திரப்பை கர்ப்பப்பையை மேலே தள்ளி, சுருங்கவிடாமல் செய்யும். வலியும் கூடும், உதிரப்போக்கும் கூடும். பால் கொடுக்க உட்காருமுன் ஒருமுறை போய்விட்டு வந்துவிடுங்கள்.

குழந்தையை வயிற்றின் மேல் கிடத்திக் கொடுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். அல்லது உட்கார்ந்து, பக்கத்தில் தலையணை போட்டு, குடத்தை இடுப்பில் இடுக்குவது போல் குழந்தையின் காலை உங்கள் அக்குளுக்குக் கீழே விட்டுக் கொடுக்கலாம். தையல் மேல் பாரம் விழாது.

இருமல், தும்மல், சிரிப்பு வந்தால் சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். வலி ஏறும்போது மூச்சைப் பிடிக்காமல் மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக விடுங்கள்.

வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். ஆனால் முதுகிலும் இடுப்பிலும்தான். தையலைச் சுற்றிய தோல் மரத்துக் கிடக்கும். சூடு தெரியாமல் வெந்துபோகும்.

டாக்டர் அனுமதித்ததும் எழுந்து நடங்கள். வயிற்றில் காற்று தேங்கி உப்பிக்கொண்டு வலிப்பதும் சிசேரியனுக்குப் பிறகு சகஜம். நடந்தால் காற்று பிரியும்; காலில் ரத்தம் உறைவதும் தடுக்கப்படும்.

சரி, நம்ம மருந்துக்கு வேலையே இல்லையா?

உண்டு. நேரமும் இடமும் பார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பில் பத்து வாயுக்கள் இயங்குவதாகச் சித்த மருத்துவம் சொல்லும். கீழ்நோக்கித் தள்ளுவது அபானன். மலம், சிறுநீர், மாதவிலக்கு, பிரசவம் எல்லாம் அதன் பொறுப்பு. பிரசவமான உடம்பில் அபானன் சீர்கெட்டால் வயிறு உப்பும், மலம் கட்டும், பசி எடுக்காது. அதற்குத்தான் சுக்கு, மிளகு, ஓமம், பூண்டு, பெருங்காயம் என்று பாட்டிமார் அள்ளிக் கொடுத்தார்கள். 2015-ல் தமிழக அரசு தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருட்களில் சௌபாக்கிய சுண்டி லேகியமும் ஒன்று. சுண்டி என்றால் சுக்கு.

லேகியத்தின் வேலை செரிமானத்தைச் சீராக்கி, உடம்பைத் தேற்றுவது. வலி மாத்திரைக்குப் பதிலாக அது நிற்காது. ஆபரேஷன் ஆன மறுநாளே உருட்டி ஊட்டக்கூடாது. காற்றுப் பிரிந்து, மலம் கழிந்து, வழக்கமான சாப்பாடு ஒத்துக்கொண்ட பிறகு, உங்கள் ஆபரேஷன் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காலையும் மாலையும் 5 கிராம் போதும். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் கேட்காமல் தொடவேண்டாம். லேகியம் வெல்லப்பாகிலும் சர்க்கரைப்பாகிலும் செய்வது. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறவர்கள் சுக்கையும் பூண்டையும் மருந்து அளவில் எடுக்கக்கூடாது. லேபிள் இல்லாத பற்பம், செந்தூரம் பொட்டலங்களை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிண்டத் தைலத்தை முதுகு, இடுப்பு, கால்களில் இதமாகத் தேய்க்கலாம். தையலில் ஒரு சொட்டும் படக்கூடாது. வயிற்றை அமுக்கி நீவி "அழுக்கு எடுப்பது" அறவே கூடாது. உள்ளே இருப்பதும் தையல்தான்!

சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. கையில்லாப் பனியன் போல் லேசாகப் பிடித்திருந்தால், எழும்போதும் நடக்கும்போதும் தெம்பு கொடுக்கும். மூச்சு முட்டக் கட்டினால் கர்ப்பப்பை சீக்கிரம் சுருங்கிவிடாது. அதைச் சுருக்குவது குழந்தையின் வாய்தான்.

தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். தாகம் எடுக்கும் போதெல்லாம் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகி, முக்கினால் தையலும் வலிக்கும். சாப்பாட்டைப் பொறுத்தவரை, கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நம் கடலோரத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டுதான் முதல் மரியாதை! ஆனால் சுறா வகைகளில் பாதரசம் சேர வாய்ப்பு அதிகம். நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்களே மேல். பூண்டு போட்டுக் குழம்பு வையுங்கள்.

இந்த வலி வேறு! உடனே கிளம்புங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். சிசேரியன் ஆகி ஒன்பதாம் நாள். மூன்று நாளாகக் கீழ்வயிற்றில் வலி. "அழுக்கு வெளியேறுது" என்று வீட்டில் கஷாயம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தொட்டால் உடம்பு கொதிக்கிறது, உதிரத்தில் துர்நாற்றம். நாடி பார்த்துக்கொண்டு உட்காரவில்லை நான். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அப்போதே அனுப்பினேன். கர்ப்பப்பையில் சீழ்த்தொற்று. பிழைத்துக்கொண்டாள். அந்தக் கஷாயம் இன்னும் இரண்டு நாள் நீடித்திருந்தால்?

நல்ல வலி நாளுக்கு நாள் குறையும். குறைந்த வலி மறுபடி ஏறினால் அது பின்வலி அல்ல. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்:

* ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதாக நனைவது, எலுமிச்சம்பழ அளவு கட்டிகள் விழுவது
* 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்
* உதிரத்தில் துர்நாற்றம்
* தையல் சிவந்து வீங்குவது, சீழ் வடிவது, வாய் பிரிவது
* வயிறு உப்பி, வாந்தியோடு காற்றும் பிரியாமல் இருப்பது
* ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச்சதை வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி
* கடுந்தலைவலி, கண் மங்குவது, வலிப்பு

உதிரப்போக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மூன்று நான்கு நாள் சிவப்பு, பிறகு வெளிர் சிவப்பு, பத்து நாளுக்குப் பிறகு வெளுப்பு. இப்படி ஆறு வாரம் வரை படிப்படியாகக் குறையும். பால் கொடுக்கும்போது சற்றுக் கூடுவது இயல்பு. வெளுத்த பிறகு மீண்டும் சிவப்பாகக் கொட்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். இந்திய சராசரியைப் போல் இரண்டு மடங்கு! அதாவது, உங்கள் தெருவில் பிள்ளை பெறும் இரண்டு பேரில் ஒருத்தி ஏறக்குறைய இந்தத் தையலோடுதான் வீட்டுக்கு வருகிறாள். மாமியார்களே, அம்மாக்களே, "நாங்க எல்லாம் பெத்துக்கலையா?" என்று கேட்காதீர்கள். உங்களுக்கு வலித்தது உண்மைதானே? அதற்காக அவளுக்கும் வலிக்க வேண்டுமா? கணவன்மார்களே, வேளைக்கு மாத்திரையும் ஒரு செம்பு தண்ணீரும் எடுத்துக் கொடுங்கள். குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வையுங்கள். இதைவிடப் பெரிய பிரசவ லேகியம் கிடையாது.

அந்தக் குப்பத்து ஆயா ஒரு மாதம் கழித்து வந்தார், கொள்ளுப்பேரனைத் தூக்கிக்கொண்டு. குண்டுக் கன்னம்! டப்பா பால் மூன்றாம் நாளே நின்றுபோனதாம்.

"மாடத்துல இருந்த மாத்திரை தீர்ந்துபோச்சு டாக்டரம்மா. வலியும் போயிடுச்சு" என்றார். பிறகு என் காதருகே குனிந்து, "இப்போவாச்சும் லேகியம் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.